இரவல் பெற்ற துக்கம்

நூலகத்துக்கு வருகிறவர் வாசிக்க வருகிறார், பார்க்க வருவதில்லை. நாடகத்துக்குச் செல்பவர் வீட்டை விட்டுப் புறப்படும்போதே பார்வையாளர் ஆகிவிடுகிறார். அதற்கென நேரம் ஒதுக்குகிறார், சிலவேளை நுழைவுச்சீட்டும் வாங்குகிறார். நூலக வாசகரின் நிலை வேறு. அவர் பத்திரிகையில் வேலைவாய்ப்பு விளம்பரம் தேடிக்கொண்டிருக்கலாம். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கலாம். வெறுமனே வெயிலுக்கு ஒதுங்கியும் வந்திருக்கலாம். அவருக்கு முன்னால் ஒருவர் திடீரென எழுந்து நின்று, கையிலுள்ள புத்தகத்தைத் திறந்து, ஒரு சொல்லும் பேசாமல் பக்கம் பக்கமாகக் கரி பூசத் தொடங்கினால் அந்த வாசகர் என்ன செய்வார்? ஐந்தே நிமிடம். பிறகு பூசியவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மேடையில்லை, திரையில்லை, ஒலிபெருக்கியில்லை. நன்றியுரையும் இல்லை, அதற்காகவேனும் சிலர் மகிழக்கூடும்.

நான் சொன்னது கற்பனையான உதாரணம். ஆனால் இவ்வகைச் சிற்றாற்றுகைகள் உலகின் பல நூலகங்களில் நிகழ்கின்றன. மேடையை விட்டு இறங்கிய கலைஞர் தேடுகின்ற இடங்களுள் நூலகமும் ஒன்று. இதைக் கேள்விப்பட்டதும் நம்மவரிடமிருந்து இரண்டு மறுமொழிகள் உடனே வரும். 'படிக்கிற இடத்தில் இதென்ன கூத்து' என்பது ஒன்று. 'கலைக்கு வேலி போடாதே' என்பது மற்றது. இரண்டுமே அவசரமானவை. இடத்தைப் பற்றிய கேள்வியும் ஆளைப் பற்றிய கேள்வியும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இந்தப் பிரச்சினையில் ஒரு முடிவுக்கு வர முடியாது. அதிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் போன்ற ஓர் இடத்தில், முஸ்லிம்களாகிய நமக்கு, அந்தப் பிரிப்பு இன்னும் அவசியமாகிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடலாம். மேடையற்ற குறு ஆற்றுகை மேற்கிலிருந்து நேற்று இறக்குமதியான பண்டமல்ல. அமெரிக்கரான அலன் கப்ரோ 1959இல் நியூயோர்க் கலைக்கூடமொன்றில் 'நிகழ்வு' என்ற பெயரில் இதைச் செய்து காட்டினார் என்று கலை வரலாற்று நூல்கள் கூறும். (அதே 1959இல்தான் யாழ்ப்பாண நூலகக் கட்டடமும் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; ஆண்டு பொருந்தியதால் சொல்லிவைத்தேன்.) ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இதில் தனக்கென ஒரு வழி உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபின் இங்கு அரங்கு என்ற சொல்லின் பொருளே மாறியது. அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகச் சென்றது. எண்பதுகளில் 'கவிதா நிகழ்வு' என்றொரு வடிவம் முளைத்தது. கவியரங்கத் தலைவரும் கைதட்டலும் இன்றி, கவிதைகளைப் பலர் சேர்ந்து உடலாலும் குரலாலும் நிகழ்த்தினார்கள். திருமறைக் கலாமன்றம் சொற்களே இல்லாத நாடகங்களைச் செய்தது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் 1980இல் வங்காளத்துப் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் பின் வீதி நாடகம் பரவிற்று. ஆகவே நூலகத்தின் படிக்கட்டில் ஐந்து நிமிடம் நிகழ்த்தும் இளைஞர் வேரற்றவர் அல்லர். அவருக்கு முன்னோர் உண்டு.

நம் சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. றபானைத் தட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்ற பக்கீர் பாவாக்களை விட மேடையற்ற ஆற்றுகைக்கு வேறென்ன உதாரணம் வேண்டும்? யாரும் அழைக்கவில்லை. வாசலே அரங்கு. உம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்பார். கேட்க விருப்பமில்லாவிட்டால் அரிசியைக் கொடுத்து அனுப்பிவிடுவார். நிகழ்த்துபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான அந்த எளிய ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

இனி நூலகத்துக்கு வருவோம்.

கே.எம். செல்லப்பா என்ற ஒருவரின் முயற்சியில் முப்பதுகளின் தொடக்கத்தில் சிறிய அளவில் ஆரம்பித்த நூல்நிலையம் அது. கட்டடத்தைச் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் வடிவமைத்தார். நூலக அமைப்புக்கு எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. லோங் அடிகளார் என்ற கத்தோலிக்கத் துறவி அதற்காக ஓடியாடி உழைத்தார். முகப்பிலே சரஸ்வதி வீற்றிருக்கிறாள். நூலகம் எழுந்துகொண்டிருந்த அந்த ஐம்பதுகளில் யாழ்ப்பாண மாநகர முதல்வராக எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிமும் இருந்திருக்கிறார். இந்தப் பெயர்களை அடுக்குவதற்குக் காரணம் பெருமை பேசுவதல்ல. ஒரு கட்டடம் யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பெயரில் விடை சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது என்பதைக் காட்டுவதற்கே.

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி ஜூன் 1 வரை அது எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸார் அந்த நாட்களில் யாழ்ப்பாண நகரில் நின்றனர். ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீளப் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாகின. தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் இறந்தார். பிறகு பல ஆண்டுகள் கட்டடம் கருகியபடியே நின்றது. அதை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டுமா, புதுப்பிக்க வேண்டுமா என்று விவாதம் நடந்தது. 1998இல் புனரமைப்பு ஆரம்பமாயிற்று. 2003 பெப்ரவரியில் திறப்பதற்கு நாள் குறித்தபோது எதிர்ப்பு எழுந்து, மாநகர சபையினர் பதவி விலக, திறப்பு விழா நடைபெறாமலே போயிற்று. ஒரு நூலகத்தைத் திறப்பதே அங்கு ஒரு நாடகம்தான். பார்வையாளர் மட்டும் யாரென்று தெளிவில்லை.

இத்தகைய கட்டடத்தினுள் 2004இல் 'அகம்-புறம்' என்ற கண்காட்சி நடந்தது. கொழும்பின் தீர்த்த ஓவியர் குழுவினரும் யாழ்ப்பாணத்தவரும் அதில் இணைந்திருந்தனர். அதில் தா. சனாதனன் 'வரலாறுகளின் வரலாறு' என்ற படைப்பை வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களே படைப்பு. போரும் இடம்பெயர்வும் சாதாரண மனிதரின் கைகளில் மிச்சம் விட்டுச் சென்றவை அவை. நூலகத்தில் நூல்கள் இருந்த இடத்தில், ஆட்கள் கொடுத்த பொருள்கள் வந்து இருந்தன. கவனிக்க வேண்டியது, அங்கே யாரும் யாரையும் போல நடிக்கவில்லை. பொருளைக் கொடுத்தவர் தாமாகவே கொடுத்தார். கொடுக்க மனமில்லாதவர் கொடுக்காமல் இருந்திருப்பார். பக்கீர் வாசலில் நின்ற ஒப்பந்தம் இங்கேயும் இருந்தது.

2009க்குப் பின் இன்னொரு விடயம் நடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாப் பயணிகள் வந்தனர். கோட்டையைப் பார்த்தவர்கள் நூலகத்தையும் பார்க்க வந்தார்கள். 2010 ஒக்டோபரில் உள்ளே மருத்துவர்களின் மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, தங்களை உள்ளே விடவில்லை என்று வந்தவர்கள் முரண்பட்ட செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தது. அந்தச் சம்பவத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னாலுள்ள நிலைமை. வாசிகசாலையில் குனிந்து இருக்கும் ஒரு மாணவியை, வாசலில் நின்று இருபது பேர் பார்க்கிறார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. புள்ளிவிபரவியல் கணக்கு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். ஆனால் பார்ப்பவர்களுக்கு அவள் 'எரிந்த நூலகத்தில் மீண்டும் வாசிக்கும் தமிழ்ப் பெண்'. அவளைக் கேளாமலே ஒரு பாத்திரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் அந்த வேடத்தைக் கழற்றவும் முடியாது, ஏனெனில் அவள் அணியவே இல்லை.

எனவே யாழ்ப்பாண நூலகத்தில் ஆற்றுகை செய்யலாமா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஆற்றுகை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இடத்தைப் பற்றிய கேள்விக்கு விடை காண்பது எனக்குச் சிரமமாகத் தோன்றவில்லை. ஹதீஸ் நூல்களில் நன்கு அறியப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடிக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நிற்க, ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னால் நின்று அதைப் பார்த்தார்கள். தமக்கு அலுக்கும்வரை பார்த்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சிறுகற்களை எடுத்து விளையாடியவர்களை விரட்ட முனைந்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபிகளார் கூறினார்கள். தொழுகைக்குரிய இடத்தில், பெருநாளில், தமது ஊரவரல்லாத மக்களின் உடற்கலை அது. பள்ளிவாசலின் கண்ணியம் அதனால் குறைந்துவிடவில்லை. நூலகம் பள்ளிவாசலை விடப் புனிதமானது என்று வாதிடுபவர் யாராவது இருப்பின் அவரோடு நான் வாதாடப் போவதில்லை.

ஆயினும் இச்சம்பவத்தில் இரண்டு விபரங்கள் உள்ளன. ஒன்று, அது தொழுகை நேரமல்ல, பெருநாள். இன்னொன்று, பார்ப்பவருக்கு அலுத்தபோது அவர் போய்விட முடிந்தது. நூலகத்தில் ஆற்றுகை செய்வோருக்கு இவ்விரண்டும் போதுமான சட்டம். பரீட்சைக் காலத்தில் வாசிகசாலைக்குள் வராதீர்கள். முற்றத்தையும் படிக்கட்டையும் பயன்படுத்துங்கள். எழுந்து போகிறவரைத் தடுக்காதீர்கள், அவரை உங்கள் கலையின் பகுதியாக்கிப் படமும் எடுக்காதீர்கள். பரிசோதனைக் கலைஞர் சிலருக்கு வாசகரைத் திடுக்கிடச் செய்வதில் ஒரு குழந்தைத்தனமான ஆசை உண்டு. போர் நடந்த ஒரு மண்ணில் மனிதர்களைத் திடுக்கிடச் செய்வது கலைச் சாதனையாகாது. திடுக்கிட்டே பழகியவர்கள் நாங்கள்.

இதற்கு மேல்தான் கடினமான பகுதி வருகிறது.

அதே ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இன்னொரு செய்தியும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. ஒருமுறை அவர்கள் ஒரு மனிதரைப் போலச் செய்து காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. எவ்வளவு கிடைத்தாலும் தாம் ஒருவரைப் போலச் செய்து காட்ட விரும்புவதில்லை என்ற கருத்தில் கூறினார்கள். இது புறம் பேசுதலைக் கண்டிக்கும் இடத்தில் வருவது, ஏளனப் போலியையே குறிப்பது என்று ஆலிம்கள் விளக்குவார்கள். சரியே. இதைக் கொண்டு நாடகமே ஹறாம் என்று தீர்ப்பெழுதும் நோக்கம் எனக்கில்லை. அதற்குரிய கல்வியும் எனக்கில்லை. ஆனால் இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. அபிசீனியர்கள் தங்களுடைய ஈட்டியை, தங்களுடைய உடலால், தங்களுடைய ஆட்டமாக ஆடினார்கள். அங்கே விரும்பப்பட்டது அது. இங்கே விரும்பப்படாதது, முன்னால் இல்லாத ஒருவரின் உடலை எடுத்து அணிந்துகொள்வது. ஏளனத்துக்காக அணிந்தால் பிழை என்பது எல்லோருக்கும் தெரியும். இரக்கத்துக்காக அணிந்தால்?

நூலகத்தில் எரிந்த புத்தகத்தை ஒருவர் நிகழ்த்துகிறார் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகம் எதிர்த்துப் பேசாது என்பதனால் மட்டும் சொல்லவில்லை. அந்த இழப்பு நூலகத்தை நேசித்த அனைவருக்கும் உரியது. ஆனால் அதே நூலகத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் சோனகத் தெருவுக்குப் போய்விடலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினர். 2002க்குப் பின்னும் 2009க்குப் பின்னும் சிலர் திரும்பினர். பலர் திரும்பவில்லை.

எரிந்த நூல்களுக்குக் கவிதை உண்டு, ஆவணப்படம் உண்டு, ஆண்டுதோறும் நினைவுகூரல் உண்டு. 1990க்கு அந்த அளவுக்கு யாழ்ப்பாணத்தின் பொது வெளியில் ஓரிடம் இல்லை. தமிழ்க் கவிஞர்கள் சிலர் அந்த வெளியேற்றத்தைக் கண்டித்து எழுதியதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் எழுத்து வேறு, ஊரின் நடுவில் நின்று உடலால் சொல்வது வேறு. இந்த வெறுமையை உணர்ந்த ஒரு நல்ல மனமுள்ள தமிழ் இளைஞன், நூலகப் படிக்கட்டில் ஐந்து நிமிட ஆற்றுகை ஒன்றைச் செய்ய எண்ணுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முக்காடிட்ட ஒரு பெண். கையில் ஒரு பை. இடுப்பில் குழந்தை. வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறாள். பார்ப்போர் கண்கலங்குகிறார்கள். இதில் என்ன பிழை?

பிழை என்று சொல்ல நா எழவில்லை. மறக்கப்பட்ட ஒன்றை அவன் நினைவுபடுத்துகிறான். ஆனாலும் எனக்கு உள்ளே ஒன்று இடறுகிறது. அந்தப் பெண் எங்கே? அவள் உயிரோடிருந்தால் புத்தளத்தில் இருக்கலாம், இல்லை சோனகத் தெருவில் கூரையற்ற வீட்டின் ஒரு மூலையைத் திருத்திக்கொண்டு இருக்கலாம். நூலகத்தில் எல்லோரும் கண்ணீர் விடும் நேரத்தில் அவள் காணி உறுதியின் பிரதிக்காக ஏதோவொரு கந்தோரின் வாங்கில் குந்தியிருக்கலாம். அவளுடைய துக்கம் படிக்கட்டில் ஆற்றுகையாகி, பாராட்டைப் பெற்று, முடிந்தும்விட்டது. பார்த்தவர்கள் ஒரு கடனைத் தீர்த்த நிம்மதியோடு வீடு போகிறார்கள். கடன்பட்டது யாரிடம், தீர்த்தது யாருக்கு?

நூலகங்களில் 'இரவல் வழங்கும் பகுதி' என்றொன்று இருக்கிறது. ஒரு புத்தகத்தை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் உங்கள் பெயர் பதியப்படும், திகதி அடிக்கப்படும், இரண்டு கிழமையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிழித்தால் தண்டம். ஒரு புத்தகத்துக்கே இவ்வளவு ஒழுங்கு. ஒரு மனுஷியின் வாழ்க்கையை இரவல் எடுக்கும்போது எந்தப் பதிவேட்டில் கையொப்பம் இடுகிறோம்? எதைத் திருப்பிக் கொடுக்கிறோம்? நமது மார்க்கத்தில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பதும் உரியவரிடம் சேர்ப்பதும் கடமை. ஒப்படைக்கப்படாததை எடுப்பதற்கு என்ன பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். பாதிக்கப்பட்டவரே தன் பாதிப்பைச் சொல்ல வேண்டும் என்றால் இலக்கியமே இல்லாமல் போய்விடும். பெண்ணை ஆண் எழுதக்கூடாது, ஏழையைப் பணக்காரன் எழுதக்கூடாது என்று வேலி வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த மறுப்பு வலுவானது. இதற்கு விடையாக எம்.ஏ. நுஃமானையே முன்னால் நிறுத்தலாம். யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் அறியப்பட்ட கவிதை 'புத்தரின் படுகொலை'. எழுதியவர் கிழக்கில் கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம். அவருக்கு இது இரவல் துக்கமா?

இல்லை என்பேன். அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். எரிந்த நூல்களின் வாசகர்களுள் ஒருவர். அதைவிட முக்கியம், அவர் கவிதையில் எடுத்துக்கொண்ட வழி. அழுதுநிற்கும் ஒரு யாழ்ப்பாணத்தவரின் வேடத்தை அவர் அணியவில்லை. கொல்லப்பட்டவராகப் புத்தரையே ஆக்கி, எரித்தவர்கள் தாங்கள் வணங்குவதையே நூலோடு சேர்த்து எரித்தார்கள் என்று காட்டினார். பிறருடைய காயத்தைத் தன் உடம்பில் வரைந்துகொள்வதற்கும், காயம் உண்டாக்கியவரின் கையைப் பிடித்துக் காட்டுவதற்கும் இடையே தூரம் அதிகம். நுஃமான் செய்தது இரண்டாவதை. நூலகப் படிக்கட்டில் 1990ஐ நிகழ்த்த விரும்பும் தமிழ்க் கலைஞரும் வெளியேறும் பெண்ணாக நடிப்பதற்குப் பதில், அன்று கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த அயலவராகத் தன்னையே நிகழ்த்தலாமே. அந்தப் பாத்திரத்துக்கு அவர் யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை. அது அவருடைய வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தாத்தாவிடம் கேட்டால் கிடைக்கும். அதை நிகழ்த்துவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். பார்ப்போர் கண்கலங்க மாட்டார்கள், கதிரையில் நெளிவார்கள்.

நமது பழைய ஆற்றுகை மரபுகள் இந்த விடயத்தில் நம்மை விட நாகரிகமாக நடந்துகொண்டன. நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் பழக்கிய நடிகன் களரிக்கு வரும்போது, தான் ஏற்ற பாத்திரத்தின் வரவைப் பெரும்பாலும் படர்க்கையிலேயே பாடுவான். நானே அவன் என்று மயக்க மாட்டான். அவன் இதோ வருகிறான் என்பான். கிஸ்ஸா பாடும் பக்கீரும் கதையிலுள்ளவராக மாறிவிடுவதில்லை. றபான் அவர் கையில் தெரிந்துகொண்டே இருக்கும். பிரெக்ட் தனது கட்டுரையொன்றில் தெருச்சந்தி விபத்தை உதாரணம் காட்டுகிறார். விபத்தைக் கண்ட ஒருவர், பிந்தி வந்தவர்களுக்கு, சாரதி இப்படித் திருப்பினான், கிழவர் இப்படி நடந்தார் என்று செய்து காட்டுகிறார். அவர் கிழவராக உருமாறுவதில்லை. சாட்சியாகவே நிற்கிறார். அவருடைய 'யுகதர்மம்' போன்ற நாடகங்களைத் தமிழில் பார்த்த யாழ்ப்பாணத்துக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் பரிசோதனை என்ற பெயரில் நாம் செய்யும் சிற்றாற்றுகைகளில் பெரும்பாலும் இந்தச் சாட்சி காணாமல் போய்விடுகிறார். எல்லோரும் கிழவராகிவிடுகிறார்கள்.

மதரஸாவில் சிறுவர்களுக்குச் சொல்லும் கதையொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரும் சிறுவர்களாயிருந்தபோது ஒரு முதியவர் பிழையாக வுழூச் செய்வதைக் கண்டார்களாம். அவரைத் திருத்துவது மரியாதையல்ல என்பதால், 'எங்களில் யார் சரியாகச் செய்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டு, இருவரும் அவர் முன்னால் வுழூச் செய்து காட்டினார்கள். முதியவர் தாமே தம் பிழையை உணர்ந்தார். கதையின் அறிவிப்பாளர் வரிசையை விட்டுவிடுங்கள். இதை ஒரு குறு ஆற்றுகையாகப் பாருங்கள். முன்னறிவித்தல் உண்டு, பார்வையாளரின் சம்மதம் உண்டு, அவரையே நடுவராக்கும் பணிவும் உண்டு. முதியவரின் பிழையான வுழூவை அவர்கள் நடித்துக் காட்டவில்லை. தங்கள் கைகால்களைத்தான் கழுவினார்கள்.

நான் கற்பிக்கும் கிராமப் பாடசாலையில் ஒருமுறை தமிழ்த்தினப் போட்டிக்காக மாணவர்கள் தாங்களே ஒரு சிறு நாடகத்தை ஆக்கினார்கள். இடம்பெயர்வைப் பற்றியது. அதிலே ஒரு முஸ்லிம் குடும்பமும் வர வேண்டும் என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒத்திகையின்போது ஒரு பையன் வெள்ளைத் தொப்பி அணிந்து வந்து நின்றான். 'தம்பி, இது ஆற்ற தொப்பி?' என்று கேட்டேன். 'கடையில வாங்கினது சேர்' என்றான். 'கடைக்காரரையோ நடிக்கப் போறாய்?' என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தலையில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தொப்பிக்குரிய ஆளைப் பற்றிச் சொல்லிப் பார்க்கும்படி கூறினேன். பையன் கொஞ்ச நேரம் அதைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தான். பிறகு, 'எனக்கு ஆக்கள் ஒருத்தரையும் தெரியாதே சேர்' என்றான். 'அதையே சொல்லு' என்றேன். போட்டி மேடையில் அவன் சொன்னதும் அதுதான். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடிப்புப் போதாது என்று நடுவர்கள் குறிப்பெழுதினார்கள். நடிப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது நியாயம்தான்.

அந்தப் பையன் சொன்னது இன்றைய யாழ்ப்பாணத்து இளைய தலைமுறையின் உண்மை நிலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அயலில் இல்லாதவர்களை அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததுபோல நடிப்பதை விட, தெரியாது என்று பொது இடத்தில் நின்று சொல்வது கூடப் பெறுமதியான ஆற்றுகை என்றே நினைக்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிடவும் முடியாது. தெரியாது என்றவன் அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோனகத் தெருவுக்குப் போய் விசாரிக்க வேண்டும். அங்குள்ளவர் சொல்ல மறுக்கவும் கூடும். 'எங்களை விட்டிடுங்க மகன், திரும்பத் திரும்ப என்னத்தைச் சொல்லுறது' என்று கதவைச் சாத்தவும் கூடும். பக்கீரை அரிசி கொடுத்து அனுப்பிவிடும் உரிமை வீட்டுக்காரருக்கு இருந்ததல்லவா? அந்த உரிமை இவருக்கும் உண்டு. கலைஞன் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். அவனுடைய பரிசோதனையில் அதுவும் அடங்கும்.

கேட்பதற்கு ஆளில்லாமலே போனவர்களின் கதை என்னாவது என்றொரு கேள்வி மீதமிருக்கிறது. 1990இல் முதியவர்களாயிருந்த பலர் புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார்கள். அவர்களிடம் இனி யாரும் அனுமதி பெற முடியாது. ஆனால் அங்கே கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள், காணாத யாழ்ப்பாணத்தை மஃரிபுக்குப் பின் விளக்கு வெளிச்சத்தில் கேட்டு வளர்ந்தார்கள். உம்மம்மா கதவை எப்படிப் பூட்டினார், திறப்பை எங்கே முடிந்தார், ஆட்டை அவிழ்த்துவிட்டபோது அது எப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று செய்து காட்டித்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படிச் செய்து காட்டுவதை அவர்களும் கற்றுக்கொண்டார்கள். அது அவர்களுக்கு வந்து சேர்ந்த சொத்து, இரவலல்ல. அவர்களுள் ஒருத்தி என்றாவது யாழ்ப்பாணத்துக்கு வந்து, நூலகப் படிக்கட்டில் நின்று, தன் உம்மம்மா கதவைப் பூட்டிய விதத்தை ஐந்து நிமிடம் செய்து காட்டட்டும். வாசிகசாலையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விரும்பியவர் வெளியே வந்து பார்ப்பார். மற்றவர் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பார்.